உழைப்பும் ஓய்வும் உள்ளத்து அமைதியும்

உழவர் உடலுழைப்புக்கு அஞ்சாதவர். காலை முதல் மாலை வரை காட்டிலும் கழனியிலும் பாடுபடுகிறவருக்கு உடல்நலத்தைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றி இருக்கிறது. ஆயினும் முதுகுவலி, மூட்டுவலி, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவற்றுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடி வருவோரில் உழவர்களும் உழவர் வீட்டுப் பெண்களும் இருக்கக் காண்கிறோம். உழைப்பு மட்டுமே நலத்தைத் தந்துவிடாது. உழைப்பு, ஓய்வு, மன அமைதி ஆகிய மூன்றும் அளவறிந்து அமைய வேண்டும். அவ்வளவைத் தனியொருவர் தாமே அமைத்துக்கொள்வது அரிது; ஊரும் ஊராட்சியும் கைகொடுக்க வேண்டும். இதனையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஒரே ஊரில் இரு குறைகள்

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே, பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது காரிமங்கலம். அதனைச் சூழ்ந்த ஊர்களில் கேழ்வரகும், மாவும், தென்னையும், தக்காளியும் விளைகின்றன. பட்டுப்புழு வளர்ப்பும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மழையையும் கிணற்றையும் நம்பிய வேளாண்மை இது.

முன்னாளில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். இன்று மின்மோட்டார் அப்பணியைச் செய்கிறது. ஏர் சென்ற நிலத்தில் டிராக்டர் செல்கிறது. சந்தைக்கு நடந்தவர் இருசக்கர வாகனத்தில் போகிறார். இவையெல்லாம் நன்மையே. ஆனால் இதன் விளைவாக ஒரே தெருவில் இருவகைக் குறைகளைக் காண்கிறோம். நாள் முழுவதும் அமர்ந்தே பணி செய்பவருக்கு உடலசைவு போதவில்லை. களை எடுப்பவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் ஓய்வு போதவில்லை. கிணற்றுக் கவலை போயிற்று. மனக் கவலையோ இருவரிடத்தும் தங்கிவிட்டது.

பாடுபடுதல் வேறு, பயிற்சி வேறு

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருப்போர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் இவ்வளவு எளிதில் நிறைவேறும்.

அப்படியாயின் நாளெல்லாம் பாடுபடுகிறவர் பன்மடங்கு நலம் பெற வேண்டும் அல்லவா? ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறுகிறது. 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, தொழிலில் மிகக் கடுமையாக உடலுழைப்புச் செய்யும் ஆண்கள், குறைவாக உழைப்போரைக் காட்டிலும் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. நடைப்பயிற்சியில் உடல் சிறிது நேரம் முயன்று, பின்னர் ஆறுகிறது. கடும் தொழிலிலோ பல மணி நேரம் குனிந்தும் சுமந்தும் இருப்பதால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. இதுவே காரணமாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

ஆகவே உழவர் கருத வேண்டியது உழைப்பைக் குறைப்பதன்று. அதன் முறையை மாற்றுவதாகும். குனிந்து களை எடுப்பவர் அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து முதுகை நீட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட பிடியுள்ள களைக்கருவி கிடைக்குமானால் அதனையே கையாள வேண்டும். வயது வந்த ஆடவர் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மிகலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. அதற்கு மேற்பட்ட மூட்டையை இருவர் தூக்குவதில் இழுக்கு ஏதும் இல்லை.

ஓய்வு சோம்பல் அன்று

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளியை ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், வாரத்தில் ஒருநாள் விடுமுறை வேண்டும் என்று வகுத்தது. தன் நிலத்தில் தானே உழைப்பவருக்கு இத்தகைய சட்டம் ஏது? தமக்குத் தாமே சட்டம் வகுத்துக்கொள்வதுதான் வழி.

கோடையில் கடினமான வேலைகளை முற்பகல் 11 மணிக்குள் முடித்து, வெயில் தணிந்த பின் தொடர்வது நம் முன்னோர் கண்ட முறை. அதனைக் கைவிடலாகாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல், வெயிலில் வேலை செய்யும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் நீர் பருக வேண்டும். இடையிடையே மோரும் கூழும் நல்லவை. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவாவின் கரும்பு வயல்களில் வெயிலில் இடைவிடாது உழைத்த இளைஞர் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் முறைப்படி அளித்த இடங்களில் அத்தீங்கு குறைந்தது. நமக்கும் இது நல்ல பாடம். வெயிலில் ஒருவர் மயங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடலை ஈரத்துணியால் குளிர்வித்து, 108 வண்டியை அழைக்க வேண்டும்.

இரவு உறக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். இரவில் தண்ணீர் பாய்ச்ச நேரும் நாட்களில், மறுநாள் நண்பகலில் உறங்கி அக்குறையை ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம்.

பெண்களின் ஓய்வை இங்குத் தனியே குறிப்பிட வேண்டும். பட்டுப்புழு கடைசிப் பருவத்தை எட்டியதும் அதற்கு ஓயாது மல்பெரி இலை இட வேண்டும். அத்துடன் பால் கறப்பது, சமைப்பது, நீர் கொணர்வது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. அந்நாட்களில் வீட்டு வேலையை ஆடவரும் பகிர்ந்துகொள்வதே அப்பெண்ணுக்குக் கிடைக்கும் மருந்து.

வலிகள் எல்லாம் உழைப்பின் வலி அல்ல

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்டால் பற்களில் கறை படியும். எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். இவ்வலியை உழைப்பின் களைப்பு என்று எண்ணிப் பல்லாண்டு பொறுத்திருப்போர் உண்டு. இக்கேட்டைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தி, ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிற பணிகளுக்கு வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் தொடக்கத்தில் எவ்வலியும் தருவதில்லை. இவற்றுக்கு வீடு தேடி மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பெற்றது. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உடல் நன்றாக இருக்கிறது என்று நினைத்து மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

மனத்தின் பளு

மழை பொய்ப்பதும், தக்காளி விலை சரிவதும், கடனுக்குத் தவணை நெருங்குவதும் உழவர் மனத்தை அழுத்தும் பளுக்கள். இவ்வழுத்தம் உறக்கத்தைக் கெடுக்கிறது. சிலரை மதுவின்பால் தள்ளுகிறது. குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் மனம்விட்டுப் பேசுவதில் குறைவொன்றும் இல்லை. மனநல ஆலோசனைக்காக 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை 2022-இல் தொடங்கியது; அதன் எண் 14416.

பூச்சிமருந்தை வீட்டில் திறந்த இடத்தில் வைக்கலாகாது. மனம் தளரும் ஒரு கணத்தில் அது கைக்கு எட்டாதிருப்பதே உயிரைக் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், உழவர்கள் பூச்சிமருந்தை ஊர்ப்பொதுக் கிடங்கில், பூட்டுள்ள தனித்தனிப் பெட்டிகளில் வைத்துக்கொள்ளும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. உழவர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர் என்று 2013-இல் வெளியான ஆய்வு கூறியது.

ஊராட்சி ஆற்றக்கூடியவை

இவற்றில் பலவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வயல்வழிகளில் நிழல் மரம் நடுதல், பொதுப்பணி நடக்கும் இடத்தில் குடிநீரும் நிழலும் அமைத்தல், நீண்ட பிடியுள்ள கருவிகளைப் பொதுவில் வாங்கி வாடகைக்கு அளித்தல், மாலையில் நடக்கவும் விளையாடவும் ஒரு திடலுக்கு விளக்கிடுதல், பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு ஏற்படுத்துதல், குடிநீரைப் பரிசோதித்து முடிவைப் பலகையில் எழுதி வைத்தல் ஆகியவற்றைக் கிராம சபையில் விவாதித்து ஒவ்வொன்றாக நிறைவேற்றலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டும் என்பதில்லை. எளியதை முதலில் தொடங்கினால் போதும்.

ஒரே நிலத்தில் ஓய்வின்றிப் பயிரிட்டால் மண் வளம் குன்றும் என்பதை உழவர் நன்கறிவர். அதனால்தான் நிலத்தைத் தரிசாக விட்டும், பயிரை மாற்றியும், எரு இட்டும் பேணுகிறார்கள். மண்ணுக்குக் காட்டும் அப்பரிவைத் தம் உடலுக்கும், தம் இல்லத்தார் உடலுக்கும் அவர்கள் காட்டுவார்களாக. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம்; உழவர் நலமாயிருந்தால்தான் ஊர் வளம் பெறும்.