உத்தரவாதக் கெடு முடிந்தபின் பழுதுற்றால்

மின்னணு ஜக்கார்டுப் பெட்டியோ, பம்புசெட்டின் ஸ்டார்ட்டரோ உத்தரவாதக் கெடு முடிந்த சில வாரங்களுக்குள் பழுதுற்றால், “இனி எமக்குப் பொறுப்பில்லை” என்று வியாபாரிகள் கூறிவிடுகின்றனர். அங்கத்தினர்களும் அதுவே முடிவென்றெண்ணிக் கடன்பட்டுப் பழுது பார்ப்பதை நாம் காண்கின்றோம். இது தேவையன்று.

உத்தரவாதம் உற்பத்தியாளர் தாமே அளிக்கும் வாக்குறுதி. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அளிக்கும் உரிமையோ அதனின் வேறானது. விற்றபோதே பொருளில் மறைந்திருந்த உற்பத்திக் குறை பின்னர் வெளிப்பட்டாலும் முறையிட இடமுண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணமில்லை.

வாணிப நோக்கத்துடன் வாங்கியவருக்கு இச்சட்டம் உதவாது. எனினும், சுயதொழில் செய்து ஜீவிப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் நெசவாளரும் விவசாயியும் நுகர்வோரே ஆவர்.

ஆயினும், குறையை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரைச் சார்ந்தது. இயல்பான தேய்மானமும், தவறாகக் கையாண்டதால் நேர்ந்த சேதமும் உற்பத்திக் குறையாகா. ஆகவே, பழுதுற்ற பொருளை அவசரப்பட்டுப் பிரிக்கலாகாது. தேர்ந்தவரிடம் காட்டி, பழுதின் காரணத்தை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும். விற்பனை ரசீதையும், கெடு தீர்ந்த உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துக. வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் தபாலில் எழுதி, அனுப்பிய ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்க. அவர்கள் செவிசாய்க்காவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் முதலில் முறையிடலாம். அதனாலும் தீராவிடில் ஆணையத்தை அணுகுக.