பெயரில்லாத சார்பு தன்னைத்தானே அழைப்பது எப்படி?

முருங்கனில் கைபேசியிலேயே நிரலாக்கம் பழகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருவதுண்டு. இடப்பெயர்வுகளில் பள்ளி ஆண்டுகளை இழந்த பெற்றோரின் பிள்ளைகள். ‘ஒய் கொம்பினேற்றர்’ என்ற இடம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். தமிழில் விளக்கம் தேடிக் களைத்து, “இது எங்களுக்கான படிப்பில்லை” என்று முடிவுகட்டுகிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. எங்கள் கட்டுக்கரைக்குளத்தை வைத்தே இதை விளக்கலாம்.

கட்டுக்கரையின் நீர் வாய்க்கால்கள் வழியே பல சிறு குளங்களுக்குப் போகிறது. ஒரு குளத்தை நம்பி எத்தனை ஏக்கர் வயல் இருக்கிறது? அது நேரே பாய்ச்சும் ஏக்கரோடு, அதிலிருந்து நீர் பெறும் ஒவ்வொரு குளத்துக்கும் இதே கணக்கைச் செய்து கூட்டவேண்டும். கணக்குக்குள் அதே கணக்கு. ‘பரப்பு’ என்று பெயர் வைத்தால், ‘பரப்பு’ தன்னையே அழைக்கும்.

ஆனால் 1930களில் அலொன்சோ சேர்ச் உருவாக்கிய லம்டா கணிதத்தில் சார்புகளுக்குப் பெயரே கிடையாது. பிறகு எப்படி அழைப்பது?

தன்னை அழைப்பதற்குப் பதில், “கீழ்க்குளங்களின் கணக்கை உதவியாள் சொல்வார்” என்று எழுதுங்கள். உதவியாளை வெளியிலிருந்து கொடுப்போம். இந்தச் சார்பை விளக்கத்துக்காக ‘படி’ என்போம். ஒன்றும் தெரியாத உதவியாளைக் கொடுத்தால், கீழே வேறு குளமில்லாத கடைக்குளத்தைக் கணக்கிடத் தெரிந்தவர் வெளியே வருவார். அவரையே திரும்பக் கொடுத்தால் அதற்கு மேற்குளமும் தெரிந்தவர் வருவார். தடவைக்கு ஓர் அடுக்கு கூடும். எல்லா அடுக்கும் தெரிந்தவரைக் கொடுத்தால்? அவரே திரும்பி வருவார். அவர்தான் ‘படி’யின் நிலைப்புள்ளி. கல்குலேற்றரை ரேடியனில் வைத்துக் கோசைனை அழுத்திக்கொண்டே இருந்தால் 0.739085 அளவில் நின்றுவிடுமே, அதே சங்கதி.

அவரைக் கட்டித் தருவதே நிலைப்புள்ளிக் கொம்பினேற்றரின் வேலை:

ஒய்(படி) = படி(ஒய்(படி))

உபாயம் எளிது. ஒரு சார்பின் பிரதியை அதற்கே உள்ளீடாகக் கொடுக்கிறோம். பெயர் இல்லாவிட்டாலும் கையில் தன் பிரதி இருக்கிறது, வேண்டியபோது இயக்கலாம். ஒய் ஹஸ்கெல் கறியின் பெயரோடு சேர்ந்தது. அலன் டூரிங் 1937இல் இன்னொன்றை வெளியிட்டார். 2005இல் தொடங்கிய அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கும் இதே பெயர்தான். இணையத்தில் தேடினால் அதுவே முன்னால் வந்து நிற்கும், குழம்பவேண்டாம்.

பைதனில் ஒய்யை அப்படியே எழுதினால் ஓடாது. பைதன் உள்ளீட்டை முதலிலேயே கணித்து முடிக்கப் பார்க்கும். பிரதி பிரதியை அழைத்து அழைத்துக் கடைசியில் பிழைச்செய்திதான் வரும். உள்ளே இன்னொரு லம்டாவால் மூடி, கேட்கும்போது மட்டும் கணிக்கச் செய்தால் சரிவரும். அந்த வடிவத்துக்கு இசட் என்று பெயர். முதலில் மூன்று குளங்களைத் தாளில் வரைந்து, உதவியாளை ஒவ்வோர் அடுக்காகக் கையால் ஏற்றிப் பாருங்கள். பிறகு கைபேசியை எடுக்கலாம்.