காகிதத்தில் ஒரு துண்டு வெயில்!
காசிமேட்டுக் காலையையும் எண்ணூர்ப் புகையையும் பிடித்துவைக்கும் வாட்டர் கலர்

வாட்டர் கலர் பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக வண்ணக் கட்டிகள் இருக்கும். ஓரத்தில் வெள்ளையும் இருக்கும்.

கை பழகிய ஓவியர்கள் பலர் அந்த வெள்ளையைத் தொடுவதே இல்லை.

"அப்படியானால் வெயிலை எப்படி வரைவார்கள்? அலையின் நுரையை எப்படி வரைவார்கள்?" என்று கேட்பீர்கள்.

வெயிலை அவர்கள் வரைவதில்லை. விட்டுவைக்கிறார்கள்!

காகிதத்தின் வெண்மைதான் வெயில். எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டுமோ, அந்த இடத்தில் தூரிகை படக்கூடாது. வாட்டர் கலர் ஓவியத்தின் ரகசியம் இவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

பிசினும் தண்ணீரும்

வாட்டர் கலர் என்பது என்ன? வண்ணப் பொடி. அதோடு வேல மர இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசின். இரண்டையும் சேர்த்து அரைத்தால் வண்ணம் தயார். தண்ணீரில் கரைத்துப் பூசினால் தண்ணீர் காய்ந்துவிடும். பிசின் மட்டும் நின்று, வண்ணப் பொடியைக் காகிதத்தோடு ஒட்டவைக்கும்.

அந்தப் பூச்சு மிக மெல்லியது. கலர்க் கண்ணாடி போல. வெளிச்சம் அதைக் கடந்து உள்ளே போகிறது. கீழே உள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் நல்ல வாட்டர் கலர் படம் உள்ளிருந்து விளக்கு எரிவது போலத் தோன்றுகிறது.

எண்ணெய் வண்ணம் அப்படி அல்ல. கறுப்பின் மேலும் வெள்ளையைப் பூசிவிடலாம். வாட்டர் கலரில் முதலில் வெளிர் நிறம், கடைசியில்தான் கருமை. ஒரு தடவை மூடிய வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதிது அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன சித்திரத் துணிகளை எண்ணிப் பாருங்கள். நீலம் ஏறக் கூடாத இடத்தை முன்கூட்டியே மெழுகால் மூடிவிட்டு, அதன் பிறகுதான் துணியைச் சாயத்தில் முக்குவார்கள். வெள்ளையைக் காப்பாற்றுவதுதான் அங்கேயும் வேலை!

வடசென்னையின் வெளிச்சம்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இந்த ஊர்களுக்கு எல்லாம் கிழக்கே கடல். சூரியன் கடலிலிருந்து எழுகிறது.

காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால், வெளிச்சம் எதிரே இருந்து வருகிறது. படகுகள் கறுப்பு நிழல்களாகத் தெரியும். தண்ணீர் மட்டும் தகதகவென்று மின்னும். மாலை 4 மணிக்கு அதே இடத்துக்குப் போனால், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இப்போது படகின் நீலம், மஞ்சள், பச்சை எல்லாம் பளிச்சென்று தெரியும். இடம் ஒன்றுதான். படம் இரண்டு!

நண்பகலில் வரைவது கடினம். ஏப்ரல் கடைசி வாரத்திலும், ஆகஸ்டு மாத நடுவிலும் சென்னையில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. நிழல் காலடியில் சுருண்டுவிடும். நிழல் இல்லாவிட்டால் படத்தில் உயரம் ஏது, ஆழம் ஏது?

நிழல் கறுப்பு என்று நாம் நினைக்கிறோம். வெள்ளையடித்த சுவரில் விழும் நிழலைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அதில் நீலம் கலந்திருக்கும். வெயில் படாத இடத்தில் ஆகாயத்தின் வெளிச்சம் விழுகிறது. அந்த நீலம் அங்கிருந்து வந்தது.

வரைவதற்கு இடத்துக்கும் பஞ்சம் இல்லை. ராயபுரம் ரெயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தப் பழைய கட்டிடம் இன்னும் நிற்கிறது. அதன் தூண்களும் நிழல்களும் ஓவியருக்கு நல்ல பாடம்.

கப்பலில் வந்த ஓவியர்கள்

காமிரா வராத காலத்தில் வாட்டர் கலர்தான் காமிரா. பெட்டி சிறியது. வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். குதிரை மேலும் கப்பலிலும் எடுத்துப் போகலாம். இதனால் ஆங்கிலேயப் படை அதிகாரிகளுக்கும் நில அளவைக்காரர்களுக்கும் படம் வரையக் கற்றுக்கொடுத்தார்கள்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு ஓவியர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். சின்னவர், பெரியவரின் சகோதரர் மகன். 1786-ம் ஆண்டு கல்கத்தாவில் இறங்கினார்கள். 1792-ம் ஆண்டு சென்னைக்கு வந்து, இங்கிருந்து தெற்கே நெடும் பயணம் போனார்கள். ஊர் திரும்பியதும் இந்தியக் காட்சிகளை 144 அச்சுப் படங்களாக 1795 முதல் 1808 வரை வெளியிட்டார்கள்.

அப்போது சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். மனிதரும் சரக்கும் மசூலாப் படகுகளில் கரைக்கு வருவார்கள். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. சென்னையை வரைந்த அக்கால ஓவியர்கள் பலர் இந்தப் படகையும் கட்டுமரத்தையும் விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

மணல் எங்கே போனது?

அந்தப் பழைய படங்களில் கோட்டைக்கு அருகிலேயே அலை அடிக்கும். இன்று கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே அகலமான சாலை இருக்கிறது. துறைமுகத்து நிலம் இருக்கிறது. கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது.

காரணம், துறைமுகச் சுவர்.

1876-ம் ஆண்டில் துறைமுக வேலை தொடங்கியது. 1881-ம் ஆண்டுப் புயல் அதை உடைத்தது. திரும்பவும் கட்டினார்கள். நம் கரையோரமாக மணல், ஆண்டுக் கணக்கில் பார்த்தால், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. கடலுக்குள் நீண்ட சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் முதல் திருவொற்றியூருக்கு அப்பாலும் கடல் கரையைத் தின்றது. வீடுகளும் போயின. இன்று அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் பாறைக் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

தெற்கே மணல் வந்த கதைக்குப் பழைய படங்கள் சாட்சி. வடக்கே மணல் போன கதைக்கு? கோட்டையைத் தேடி வந்து வரைந்தவர்கள் பலர். மீனவர் குப்பத்தைத் தேடி வந்து வரைந்தவர்கள் குறைவு. பாட்டனார் வலை உலர்த்திய கரை, பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

தந்தி ஆபீசிலிருந்து ஓவியத்துக்கு

சென்னையில் ஓவியம் கற்பிக்க 1850-ம் ஆண்டில் ஒரு பள்ளி தொடங்கியவர், அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். அதுதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி 1929-ம் ஆண்டில் இதன் தலைவரானார்.

அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ம் ஆண்டு கோவையில் பிறந்தவர். 17 வயதிலேயே அவருடைய இயற்கைக் காட்சிப் படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. தந்தை இறந்ததும் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். ஆனாலும் தூரிகையை விடவில்லை. 1936-ம் ஆண்டில் ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அதே கல்லூரிக்குத் தலைவரானார். 1966-ம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். பிற்காலப் படங்களில் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்திருந்தாலும், அவர் தொடங்கிய இடம் தண்ணீரும் தென்னையும் வெயிலும்தான்.

பச்சைச் சூரியன்!

காட்சியைப் பார்த்தபடியே பதிந்து வைப்பதால் என்ன லாபம்? இந்தக் கதையைக் கேளுங்கள்.

1883-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிரகடோவா எரிமலை வெடித்தது. அது சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே உள்ள தீவு. செப்டம்பர் மாதத்தில் சென்னைவாசிகள் ஓர் அதிசயம் கண்டார்கள். சூரியன் பச்சை நிறத்தில் தெரிந்தது! கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை. பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் கருவி வைத்து அந்த வெளிச்சத்தை ஆராய்ந்து எழுதினார்.

எரிமலைத் தூசி உலகைச் சுற்றியது. லண்டனில் வில்லியம் ஆஸ்கிராப்ட் என்ற ஓவியர், மாலைதோறும் மாறிய வானத்தை 500-க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்து தள்ளினார். கலர்ப் புகைப்படம் பரவாத காலம். அந்த வானத்தின் நிறத்தை இன்று நமக்குக் காட்டுவது அந்தப் படங்கள்தான்.

வானத்தின் நிறம் காற்றில் உள்ளதைப் பொறுத்தது. சுத்தமான காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறச் செய்கிறது. அதனால் ஆகாயம் நீலம். காற்றில் ஈரமும் உப்பும் மிகுந்தால் வானம் வெளுக்கும். புகை மிகுந்தால் மங்கிப் பழுப்பேறும்.

புகைக்கும் சாட்சி

2023-ம் ஆண்டில் இரண்டு விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் டர்னர், பிரான்சின் மோனே ஆகிய இரு பெரிய ஓவியர்களின் சுமார் 100 படங்களை அளந்து பார்த்தார்கள். லண்டனிலும் பாரிசிலும் நிலக்கரிப் புகை பெருகப் பெருக, படங்களில் உருவங்களின் விளிம்பு மங்கியது, வெண்மை கூடியது. ஓவியர்கள் தங்களை அறியாமலே ஊரின் காற்றைப் பதிந்து வைத்திருந்தார்கள்!

இப்போது எண்ணூருக்கு வாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கி 2017-ம் ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் அந்த வட்டாரத்தில் வேறு அனல் மின் நிலையங்கள் உண்டு. உலைச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து சேறு சாம்பல் நிறமானதை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2017-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் பரவியது. 2023-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, கூழைக்கடாக்களின் சிறகு கறுத்தது.

"கையில் செல்போன் இருக்கிறதே, போட்டோ போதாதா?" என்று கேட்கலாம். போட்டோவும் வேண்டியதுதான். ஆனால் செல்போன் காமிரா வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே திருத்திவிடுகிறது. மங்கிய வானத்தைப் பளிச்சென்று காட்டிவிடும். ஓவியர் அப்படித் தப்பிக்க முடியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்த வானம் நீலமா, சாம்பலா, பழுப்பா என்று தானே முடிவு கட்ட வேண்டும்.

ஆகாயம் என்றால் நீலம் என்று குழந்தைகளின் கை பழகிவிட்டது. எண்ணூர்ப் பிள்ளை அண்ணாந்து பார்த்து, "இன்றைக்கு நீலம் இல்லையே!" என்று சொன்னால், அன்றே அந்தப் பிள்ளை ஓவியர். ஊர்க் காற்றுக்குச் சாட்சியும் ஆகிவிடுகிறது.

வீட்டிலேயே தொடங்கலாம்

பெரிய செலவு தேவை இல்லை. 12 நிறம் உள்ள ஒரு பெட்டி. நடுத்தர அளவில் ஒரு தூரிகை. பழைய துணி. இரண்டு குவளைத் தண்ணீர்; ஒன்று தூரிகை கழுவ, ஒன்று வண்ணம் கரைக்க. காகிதம் மட்டும் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் சுருங்கிவிடும்.

முதலில் கண்ணைப் பாதி மூடிக் காட்சியைப் பாருங்கள். எது மிகவும் வெளிச்சம், எது மிகவும் இருட்டு என்று தெரியும். வெளிச்சமான இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்து ஒதுக்குங்கள். பிறகு வானம். காகிதத்தை நனைத்து, அந்த ஈரத்தின் மேலேயே வண்ணத்தை விடுங்கள். மேகம் தானே பரவும். அது காய்ந்த பிறகு தூரத்துக் கப்பல், கிரேன், புகைபோக்கி. இவை வெளிறியே இருக்கட்டும். தூரம் என்பதைக் காட்டுவது அந்த வெளிறல்தான். கடைசியில் அருகில் உள்ள படகு. அதற்குத்தான் அடர்ந்த நிறம். சாம்பல் நிறம் வேண்டுமானால் கறுப்பைத் தேடாதீர்கள். நீலத்தோடு செம்பழுப்பைக் கலந்தால் அழகான சாம்பல் கிடைக்கும்.

கடற்காற்றில் ஈரம் அதிகம். மழைக்கால காலையில் வண்ணம் காயத் தாமதமாகும்; பொறுத்திருங்கள். சித்திரை வெயிலில் தூரிகை திரும்புவதற்குள் காய்ந்துவிடும், நிழலில் உட்காருங்கள்.

முதல் படம் நன்றாக வராது. கவலை வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் பென்சிலால் மூன்று விவரம் எழுதுங்கள்: இடம், தேதி, மணி.

படம் சுமாராக இருக்கலாம். ஆனால் 50 ஆண்டுக்குப் பிறகு உங்கள் பேரப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்து, "அன்றைக்குக் கரை எதுவரை இருந்தது? வானம் என்ன நிறம்?" என்று கேட்டால், அந்தக் காகிதம் பதில் சொல்லும்.