வெனிஸ் நகரமும் யாத்திரைக் கூட்டங்களும்

இத்தாலி தேசத்து வெனிஸ் நகரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளுக்கு அந்நகர சபையார் 2024-ஆம் வருஷத்தில் ஒரு வரம்பு விதித்தனர். ஒரு கூட்டத்தில் 25 பேருக்கு மேல் இருத்தலாகாது, ஒலிபெருக்கியும் கூடாது. பிரயாணிகளின் சுதந்திரத்துக்கு இது விலங்கென்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

அந்நகரின் பழைய தீவுப் பகுதியில் 1951-இல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தனர். 2022-இல் அத்தொகை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் பல, பிரயாணிகள் தங்கும் விடுதிகளாயின. சொந்த ஊரிலேயே ஜனங்களுக்கு இடமில்லாமற் போவது எத்தேசத்தில் நேரினும் அநீதியே யாகும்.

வண்டிகள் ஓடாத அந்நகரில், தெருவழிச் செல்வோர் யாவரும் நடந்தே செல்லவேண்டும். ஒடுங்கிய சந்திலும் பாலத்தின் படிகளிலும் ஐம்பது பேரை நிறுத்திப் பிரசங்கம் செய்பவர், பள்ளி செல்லும் பாலகனுக்கும் காய்கறி சுமந்து வரும் மூதாட்டிக்கும் வழியை மறிக்கிறார்.

ஒருநாட் பிரயாணிகளிடம் குறிப்பிட்ட தினங்களில் ஐந்து யூரோ கட்டணம் வசூலிப்பதும் 2024-இல் தொடங்கிற்று. காசைக் கொடுத்தோம் என்பதனால் கடமை தீர்ந்துவிடாது. கூட்டத்தை நடத்திச் செல்வோரே அதன் ஒழுக்கத்துக்குப் பொறுப்பாளிகள். கூட்டத்தைச் சிறிதாக்குக, குரலைத் தாழ்த்துக, ஊராருக்கு வழிவிடுக. வாழும் ஜனங்கள் அகன்றபின், காட்டுவதற்கு அங்கே கல்லும் நீருமே மிஞ்சும்.