உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

பச்சைக்குழந்தைக்குப் பின்னிய சாக்ஸையோ கிளவுஸையோ யார் காட்டினாலும், நான் முதலில் அதை உள்வெளியாகத் திருப்பிவிடுவேன். வெளிப்பக்கம் எல்லோருக்கும் அழகாகத்தான் வருகிறது. உள்ளேதான் பயம். கலர் மாறிய இடத்தில் முடிச்சுப் போட்டு வெட்டிவிட்ட நூல் முனை. டிசைனுக்காக ஐந்தாறு கண்ணி தாண்டி இழுத்துவிட்ட நூல். அந்தத் தொங்கல் நூலுக்குள் குழந்தையின் கால்விரல் நுழைந்துவிட்டால், காலை உதைக்க உதைக்க நூல் சுற்றி இறுகும். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் சிவந்து வீங்கும். நேரத்தோடு கவனிக்காவிட்டால் விரலையே இழக்க நேரிடும். குழந்தை மருத்துவர்கள் நன்றாக அறிந்த விபத்து இது. உதிர்ந்த தலைமுடியாலும் வரும், துணி நூலாலும் வரும்.

குழந்தைக்கு வாய் இல்லை, அழத்தான் தெரியும். வீறிட்டு அழுதால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்ட ஆள் தேடுவார்கள். சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும் என்று சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. குரோஷா ஊசி நம் ஊர்ப் பெண்களின் கைக்கு மறுபடி வந்திருக்கிறது. 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148 சதுர மீட்டர் பரப்பில் ஒரே போர்வையைப் பின்னி உலக சாதனை படைத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த உற்சாகம் இன்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்கள் வரை இறங்கியிருக்கிறது. ஆளுக்கு இத்தனை குல்லா என்று பேசிவைத்துப் பின்னி, பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நல்ல மனசு. அந்த நல்ல மனசோடு போகும் துணி குழந்தைக்கு உதவ வேண்டுமே என்பதுதான் என் கவலை.

இந்தத் துணி அதிகம் தேவைப்படுவது குறைமாதக் குழந்தைகளுக்கு. 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடும் பிள்ளைகள் இவர்கள். தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் உடம்புச் சூடு நிற்காது. உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, சூடு வெளியேறும் முக்கியமான வழியும் அதுதான். அதனால்தான் குல்லா. சூடு 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது குறைமாதக் குழந்தைகள் வார்டில் முக்கியமான வேலை.

அதற்கு நம் மருத்துவமனைகள் கைக்கொள்ளும் வழி, கங்காரு பராமரிப்பு. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் பிறந்த யோசனை. குழந்தையை அம்மாவின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2021-ல் வெளியானது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளை, நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே இப்படிச் சேர்த்துவைத்ததில் மரணம் 25% குறைந்தது.

அம்மாவின் தோலோடு ஒட்டியிருக்கும் குழந்தைக்கு நாப்கின், குல்லா, சாக்ஸ் இவ்வளவுதான் உடை. நாம் ஆசை ஆசையாகப் பின்னும் ஸ்வெட்டருக்கு அங்கே வேலையே இல்லை. குல்லாவுக்கும் அளவு வேண்டும். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர். ஒன்றரைக் கிலோ குழந்தைக்குச் சுமார் 28 சென்டிமீட்டர்தான். பெரிய சாத்துக்குடி அளவு. பெரிய குல்லா கண்ணை மறைத்து மூக்கு வரை இறங்கிவிடும். 'திருப்பூரில் மெஷின் டன் கணக்கில் பின்னித் தள்ளுகிறது, காசாகக் கொடுத்தால் போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் 'நியூ பார்ன்' என்று அடுக்கியிருப்பது மூன்று கிலோ குழந்தைக்கான சைஸ். ஒரு கிலோ குழந்தைக்குக் கையால் பின்னினால்தான் உண்டு.

நூலையும் பார்க்க வேண்டும். கடையில் உல்லன் என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். மலிவு, சாயம் பளிச்சென்று இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. நம் வெயிலில் அதைப் போட்டால் வேர்க்குருதான் மிச்சம். அசல் கம்பளியோ ஆஸ்பத்திரி வெந்நீர் சலவையில் சுருங்கிப் பொம்மைக்குக்கூடப் போதாமல் போகும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல் துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிய பாட்டிகளுக்கு அந்தத் தோலின் அருமை தெரிந்திருந்தது. சமவெளி ஊர்களுக்குக் காட்டன் நூல் போதும். ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு.

தேவை தெரியாமல் பின்னிக் குவிப்பதிலும் சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் எண்ணெய்க் கசிவில் சிக்கிய பென்குயின்கள், தம் இறகைக் கோதி எண்ணெயை விழுங்கிவிடாமல் இருக்கச் சின்ன ஸ்வெட்டர் போட்டுவிடுகிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஸ்வெட்டர் வந்து குவிந்தது. மிஞ்சியதைப் பொம்மைப் பென்குயின்களுக்குப் போட்டு விற்று நிதி திரட்டினார்கள். பென்குயினுக்குச் சரி. நம் வார்டுகளில் இடமும் இல்லை, பிரித்துப் பார்க்க நர்ஸ்களுக்கு நேரமும் இல்லை. 2013-ல் டென்மார்க்கில் தொடங்கிய, குறைமாதக் குழந்தைகளுக்காகப் பின்னும் ஆக்டோபஸ் பொம்மையும் அப்படித்தான் பரவியது. தொப்புள்கொடி போல அதன் கைகளைப் பற்றிக்கொண்டு குழந்தை அமைதியாகும் என்கிறார்கள். வலுவான ஆதாரம் இன்னும் இல்லை. பின்னுவதாக இருந்தால் கை ஒவ்வொன்றும், இழுத்துப் பார்த்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுத்தைச் சுற்றும்.

மறுபடி நூலுக்கே வருகிறேன். ஒரே கலரில் பின்னுங்கள். ரிப்பன், பட்டன், குஞ்சம், ஓட்டை ஓட்டையான டிசைன் எதுவும் வேண்டாம். முடித்ததும் நூல் முனையை வெட்டாமல் மொட்டை ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள்ளேயே இரண்டு அங்குலம் போய், திரும்பி வந்து, பிறகு வெட்டுங்கள். உள்வெளியாகத் திருப்பிச் சுண்டுவிரலால் ஒரு சுற்று தடவுங்கள். விரலில் ஏதாவது தட்டினால் பிரித்துப் பின்னுங்கள். கிளவுஸை விட்டுவிடுவதே நல்லது. வீட்டுக்கு வந்த குழந்தை தூங்கும்போது குல்லாவையும் கழற்றிவிட வேண்டும், முகத்தில் சரியும், சூடும் ஏறும். இதையும் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி வைத்துக் கொடுங்கள்.

கண்டிப்புக் காட்டினால் பின்ன வருபவர்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒரு தோழி சொன்னார். புதிதாக வருபவர்களுக்குச் சதுரத்தைக் கொடுக்கலாம். உள்ளங்கை அளவுக் காட்டன் சதுரம், ஒரே மாதிரி இரண்டு. ஒன்று இன்குபேட்டரில் குழந்தையோடு, இன்னொன்று அம்மாவின் ரவிக்கைக்குள். தினமும் மாற்றிக்கொண்டால் அம்மாவின் வாசனை பிள்ளைக்கும் பிள்ளையின் வாசனை அம்மாவுக்கும் போய்ச் சேரும். வெளிநாட்டு வார்டுகள் பலவற்றில் இது நடக்கிறது. எந்த அளவு, எந்த நூல், மாதம் எத்தனை என்று நம் குழந்தைகள் வார்டுகளும் வாசலில் ஒரு பட்டியல் ஒட்டிவைத்தால், பின்னுகிறவர்கள் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டு அன்றைக்கே ஊசியை எடுத்துவிடுவார்கள்.