மடல் பெறுபவருக்கு எந்தத் திறவுகோல்?

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வந்திறங்கும் பயணி குடிவரவு மேசையைக் கடந்து தமது பொதிகளுடன் வெளியேறுகிறார். களஞ்சியத்தின் திறவுகோலை எவரும் அவரிடம் கொடுப்பதில்லை. மின்னஞ்சல்களைப் பெற்றுக் காத்துவைக்கும் வழங்கிக் கணினிகளைப் பராமரிப்போர் இவ்வெளிய விதியை மறந்துவிடுவதுண்டு.

1969இல் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. அதில் கணக்கு வைத்திருப்பவர் மடலைப் படிப்பதோடு கணினிக்குள் நுழைந்து கட்டளைகளையும் இயக்கலாம். இதன் ஆபத்தை 1988 நவம்பரில் பரவிய மொறிஸ் புழு உணர்த்திற்று. மடல் அனுப்பும் மென்பொருளின் ஓட்டையையும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களையும் பயன்படுத்தி, அது சுமார் 6,000 கணினிகளைத் தொற்றியதாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

பரிகாரம் கடினமானதன்று. ஒவ்வொரு கணக்கிற்கும் கட்டளைகளை ஏற்கும் 'ஷெல்' என்ற நிரல் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் 'நோலொகின்' என்று மாற்றினால், மடல் வழமைபோல் வந்து சேரும். கட்டளையிடும் வாயில் மட்டும் மூடிக்கொள்ளும். இதனினும் சிறந்தது, கணினிக் கணக்கே இன்றி மடற்பெட்டியை மட்டும் வழங்குவது. விலகிச் சென்ற உத்தியோகத்தரின் கடவுச்சொல்லைப் பூட்டுவது மட்டும் போதாது. அவர் பதிந்துவைத்த எண்ம முறைத் திறவுகோல் பின்னரும் வேலை செய்யக்கூடும். அதையும் அகற்றல் வேண்டும்.

அரச மடல்கள் அழிவதன் விலையை நாம் அறிவோம். 2023இல் நிகழ்ந்த கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலில், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்தியோரின் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மடல்கள் இழக்கப்பட்டன. அது வேறு வகையான மென்பொருளில் நேர்ந்த விபத்து. எனினும் காணி, கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு என மக்களின் அலுவல்கள் இன்று மடல்களிலேயே தங்கியுள்ளன என்பதை அது காட்டிற்று.

பூட்டுவது மட்டுமே பாதுகாப்பு எனவும் கொள்ளலாகாது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், உயர் பாதுகாப்பு வலயத்தின் பெயரால் தம் சொந்த வீட்டு வாயிலுக்கு வெளியே பல்லாண்டுகள் காத்திருந்தனர். காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. உரிமையாளரை வெளியே நிறுத்தும் பூட்டு எவ்வளவு துயரமானது என்பதைக் காங்கேசன்துறைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தேவையான அனுமதியை மட்டும் வழங்குக. யார் உள்ளே, யார் வெளியே, ஏன் என்பதைக் காலந்தோறும் மீளப் பார்க்குக. கணினிக்கும் நிர்வாகத்திற்கும் இதுவே நீதி.