சாம் குக்: சபைப் பாட்டிலிருந்து பாப் இசைக்கு

சாம் குக் 1931 ஜனவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை போதகர். குடும்பம் சிகாகோவில் குடியேறிய பிறகு, உடன்பிறந்தவர்களோடு சபைகளில் பாடி வளர்ந்தார்.

1950இல் புகழ்பெற்ற நற்செய்தி இசைக்குழுவான சோல் ஸ்டிரர்ஸ் அவரை அழைத்தது. மூத்த பாடகர் ஆர்.எச். ஹாரிஸ் விட்டுச்சென்ற இடம் அது. இருபதைத் தொடாத இளைஞருக்குப் பெரிய சுமைதான். ஆனால் குக் குரலை உரக்க எழுப்பவில்லை. ஒரே சொல்லை நீட்டி வளைத்து இழைத்தார். இளைஞர் கூட்டம் சபைக்கு வந்தது.

பக்திப் பாடகர் காதலைப் பாடுவதை அன்றைய சபையினர் துரோகமாகவே கருதினர். அதனால் 1956இல் ‘லவபிள்’ பாடலை அவர் டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார். அதுவோ அவரே பாடிய ‘வொண்டர்ஃபுல்’ என்ற பக்திப் பாடலின் மறுவடிவம்! குரலை யாரால் மறைக்க முடியும்? ரசிகர்கள் கண்டுகொண்டார்கள். மறு ஆண்டு சொந்தப் பெயரில் வந்த ‘யூ செண்ட் மீ’ நாட்டின் முதலிடப் பாடலானது.

பிறகு சொந்த இசைத்தட்டு நிறுவனமும் தொடங்கினார். கறுப்பினக் கலைஞர்களிடையே அன்று அது அரிது. 1963இல் லூசியானாவில் ஒரு விடுதி நிறவெறியால் அவருக்கு அறை மறுத்தது. அந்த அனுபவமும் சேர்ந்து ‘எ சேஞ்ச் இஸ் கானா கம்’ பாடலாயிற்று.

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் சுடப்பட்டு இறந்தபோது வயது 33. அவர் திறந்த வழியில் பாடகி அரேதா பிராங்க்ளினும் சபையிலிருந்து பாப் இசைக்கு வந்தார்.